குமுளி இறக்கத்தில் பிரேக் பெடல் அமுங்கிப் போகிறது: எதைச் சோதிக்க வேண்டும்?

கேள்வி: கம்பத்துக் குடும்பஸ்தர்

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது ஆறு ஆண்டுகள் ஓடிய, ஏழு பேர் அமரும் டீசல் எஸ்யூவி. வண்டிப்பெரியாற்றில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து குடும்பத்தோடும் சாமான்களோடும் திரும்பும்போது, லோயர் கேம்ப் பவர் ஹவுஸை நெருங்குமுன் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறது; தீய்ந்த வாடையும் வருகிறது. மறுநாள் காலையில் ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் தெரிவதில்லை. பிரேக் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) பாதிக்கு மேல் மீதமிருக்கிறது, மாற்ற வேண்டாம் என்று ஒர்க்‌ஷாப்பில் கூறுகிறார்கள். இறக்கத்தில் பெரும்பாலும் நான்காவது கியரில்தான் வருகிறோம். பருவமழைக்கு முன் எதைச் சரிசெய்ய வேண்டும்?

பதில் 1: போடி டீசல்

ஐயா, பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடாகிப் பிடிப்பை இழந்திருக்கிறது என்று கொள்ளலாம். உங்களுக்குப் பெடலே அமுங்குகிறது, ஆறிய பின் சரியாகிவிடுகிறது என்பதால், என் சந்தேகம் முதலில் பிரேக் ஆயில் மீதுதான். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 4 என்ற தர வகையைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு வகுத்திருக்கும் வரம்போ 155 டிகிரிதான். தொடர் இறக்கத்தில் கேலிப்பர் (பேட்டை டிஸ்கின் மேல் அழுத்தும் பாகம்) சூடேறி ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவத்தைப் போலன்றி ஆவி அழுத்தினால் சுருங்கிவிடுவதால், மிதிக்கும் விசை சக்கரத்தைச் சென்றடைவதில்லை. பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்கின்றன. உங்கள் சர்வீஸ் புத்தகத்தில் கடைசியாக எப்போது மாற்றியதாகக் குறித்திருக்கிறது? திறந்து வைத்த பழைய டப்பாவிலிருந்து ஊற்றி அளவை நிரப்புவதால் பயனில்லை. முழுவதையும் வெளியேற்றிப் புதிதாக நிரப்பி, நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுக்க (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற) வேண்டும்.

பேட்டை மட்டும் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். பின்சக்கரத்தில் டிஸ்குக்குப் பதில் டிரம் (உருளை வடிவ பிரேக்) இருந்தால் அதைக் கழற்றி உள்ளே உரசும் ஷூவையும், முன்சக்கரத்தில் கேலிப்பர் நகர உதவும் ஊசி இறுகாமல் நகர்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஊசி இறுகிவிட்டால் காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும்.

பதில் 2: கூடலூர் ஓட்டுநர்

ஆயிலை மாற்றினாலும் நான்காவது கியரில் இறங்கும் வரை இந்தத் தொல்லை திரும்ப வரும் என்பது என் கருத்து. ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதிலேயே இறங்குவதுதான் மலைப்பாதையின் பழைய விதி. உங்கள் பாரத்துக்குப் பெரும்பாலும் இரண்டாவது கியர், சில இடங்களில் மூன்றாவது. இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும். பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே வராமல், வளைவுக்கு முன் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில் டிஸ்க் ஆறும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவோரும் இருக்கிறார்கள். இன்ஜினின் பிடிப்பு முழுவதும் போய்விடும் என்பதால் அதை ஒருபோதும் செய்ய வேண்டாம். வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து ஆறவிடுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றினால் வளைந்துவிடவோ விரிசல் விடவோ கூடும்.

பதில் 3: தேனி டயர்க்கடை

மழைக்கு முன் டயரையும் பாருங்கள். சட்டப்படி டயர் வரிகளின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். இடுக்கி மழையில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கிய டயரை நான் நம்புவதில்லை. முழுப் பாரத்துக்கான காற்றழுத்தம் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் தனியாக இருக்கும். டயர் ஆறியிருக்கும்போது அளந்து நிரப்புங்கள்.

கம்பத்துக் குடும்பஸ்தர்

நன்றி. வண்டி வாங்கியதிலிருந்து பிரேக் ஆயில் மாற்றியதாக சர்வீஸ் புத்தகத்தில் குறிப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை மட்டும் மேலே போய் வரலாமா?

போடி டீசல்

வேண்டாம் ஐயா, பேருந்தில் போய் வாருங்கள். வேலை முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரையும் (பெடலை மிதிக்கும்போது ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் பாகம்) பார்க்கச் சொல்லுங்கள். முதல் மலைப்பயணத்தைப் பாரம் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.