டுவா லிபா ‘கிளப்’ பதிப்பு: பாட்டு எங்கே போச்சு?

கேள்வி: 2020 மார்ச்சில் வந்த பாப் பாடகி டுவா லிபாவோட ‘ஃப்யூச்சர் நாஸ்டால்ஜியா’ ஆல்பம் எனக்கு மனப்பாடம். அதே வருஷம் ஆகஸ்டில் வந்த ரீமிக்ஸ் பதிப்பை நேத்துதான் போட்டேன். ‘லெவிடேட்டிங்’ பாட்டுல திடீர்னு மடோனாவும் ராப் பாடகி மிஸ்ஸி எலியட்டும் வந்து நிக்கிறாங்க! பாட்டுக்கு நடுவுல மூச்சுவிட இடமே இல்ல. ஏன் இப்படி?

ராத்திரிக்குயில்: ஆடுறவங்க நிக்கக் கூடாதுல்ல, அதான் ஒரே ஓட்டம். பாட்டுகளைக் கலந்தது தி பிளெஸ்டு மடோனாங்கிற டிஜே (அவங்க வேற, மடோனா வேற). ஹெட்போன்ல வேணாம், தோசை சுட்டுக்கிட்டே கேளுங்க.

கேசட் மாமா: 1987ல ‘யூ கேன் டான்ஸ்’ ரீமிக்ஸ் ஆல்பத்துலயே மடோனா இதைப் பண்ணியாச்சு தம்பி. அதுல புதுப்பாட்டு ‘ஸ்பாட்லைட்’ ஒண்ணுதான்.

கேட்டவர்: தோசை தீஞ்சுது மாமா. நான் அதே ஆல்பத்தோட 2021 ‘மூன்லைட் எடிஷன்’ பக்கமே போறேன், அங்க முழுப்பாட்டு இருக்கு.