தாழ்வாரம், டெக் ரிப்பேர்: ஆள் வைத்து வேலை வாங்கிய அனுபவம் சொல்லுங்கள்

பழையவீடு

முன்தாழ்வாரத்தில் நாலு தூண். இடது ஓரத் தூணின் அடி கறுத்துப் போயிருந்தது, பக்கத்தில் ரெண்டு பலகை ஆடியது. தெரிந்தவர் சொல்லி ஒரு உள்ளூர் கான்ட்ராக்டர் வந்தார், பார்த்தார், “ரெண்டு நாள் வேலைங்க” என்றார். சொன்னபடி ரெண்டே நாளில் முடித்தார். வெள்ளைப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பிப் பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் காலையில் செருப்பு மாட்ட அந்தத் தூணைப் பிடித்தேன். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. சத்தமே இல்லை. பெயிண்ட் தோல் மாதிரி சுருங்கி விலகியது. அதற்குப் பின்னால் பட்டி, பட்டிக்குப் பின்னால் ஈரத்தில் ஊறிய தவிட்டு நிறத்தில் ஏதோ ஒன்று. அதை மரம் என்று சொல்ல முடியாது, கிள்ளினால் கையோடு வந்தது. நடுவில் கசக்கித் திணித்த செய்தித்தாள். பிரித்தால் குறுக்கெழுத்துக் கட்டம், யாரோ பாதி நிரப்பியிருந்தார்கள்.

போன் செய்தேன். “மரம்னா மக்கத்தானே செய்யும்” என்றார். பணம் போனதை மறந்துவிட்டேன், இந்தப் பேச்சு மட்டும் போக மாட்டேன் என்கிறது.

மொட்டைஆணி

எனக்கு நேர்மாறாக நடந்தது. வீட்டை ஒட்டிப் பின்பக்கம் மரத்தில் கட்டிய மேடை, அந்த டெக்கில் மேல் பலகை மட்டும் மாற்றலாம் என்றுதான் ஆளைக் கூப்பிட்டேன். வந்தவர் மேலே பார்க்கவே இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்து ஊர்ந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து, “சார், நீங்களும் வாங்க, சட்டை அழுக்கானா பரவாயில்லை” என்று குரல் வந்தது.

போனேன். மொத்த டெக்கையும் வீட்டுச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கிற நீளக் கட்டை இருக்கிறதே, அதில் ஒரு போல்ட்கூட இல்லை. வெறும் ஆணி. ஒன்றை இரண்டு விரலால் பிடித்து, பல்குத்தும் குச்சியை உருவுவதுபோல் உருவி என் கையில் வைத்தார். முந்தின வாரம்தான் அந்த டெக் மேல் இருபது பேர் நின்று படம் எடுத்திருந்தோம். அந்த ஆணி இன்னும் என் மேசையில் இருக்கிறது.

உளிக்காரன்

நானும் இதே தொழில்தான், அதனால் சொல்கிறேன். பழையவீடு அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த ஆள் செய்தது தப்பு, மறுக்கவில்லை. ஆனால் எத்தனை பேரிடம் எஸ்டிமேட் வாங்கினீர்கள்? அதில் குறைவாகச் சொன்னவரையா பிடித்தீர்கள்? நான் போய் “தூணையே மாற்றணும், மேல்கூரைக்கு முட்டுக் கொடுக்கணும், நாலஞ்சு நாள் ஆகும்” என்றால், “அவ்வளவு எதுக்கு, மேலாகப் பூசி விடுங்க” என்பவர்கள்தான் முக்கால்வாசி. பூசி விட்டுப் போனால் மறு வருஷம் திட்டு. திட்டு வாங்கி வாங்கித்தான் பூசுகிற வேலையே எடுப்பதில்லை என்று ஆகிவிட்டேன்.

பழையவீடு

மூன்று பேரிடம் வாங்கினேன் தம்பி. நடு விலை சொன்னவரைத்தான் வைத்தேன். “மேலாகப் பூசுங்க” என்று நான் சொல்லவில்லை. “தூண் சரியா இருக்கா?” என்று கேட்டேன், “கல்லு மாதிரி இருக்கு” என்று தட்டிக் காட்டினார். இப்போது யோசித்தால், அவர் தட்டியது மேல் பாதியில்.

படிக்கட்டு

நீங்கள் எல்லாம் வேலை முடிந்தவர்கள். எங்கள் ஆள் முதல் நாள் வந்து வாசல் படியை முழுக்கப் பெயர்த்தார், “நாளைக்கு மரம் வந்துடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர்தான். மூன்று வாரம்.

வாசல் கதவைத் திறந்தால் நேரே இடுப்பளவு பள்ளம். ஸ்டூல் போட்டு இறங்கினோம். தபால்காரர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, “வீட்டுல ஏதாவது சண்டையா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு குச்சியின் நுனியில் கடிதத்தைச் செருகி நீட்டினார். அம்மா அந்த மூன்று வாரமும் வெளியே வரவில்லை. அவருக்கு முழங்கால் வலி. அதற்காக நான் அந்த ஆளை மன்னிக்கவே போவதில்லை.

நீர்மட்டம்

என் கதை சின்னது. கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில் இடைவெளி அதிகம் விட்டுவிட்டார்கள், பக்கத்து வீட்டுக் குழந்தை தலையை விட்டு மாட்டிக்கொண்டது, கம்பியை அறுத்து எடுத்தோம். அழுகையைவிட அமைதிதான் பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

படிக்கட்டு, தப்பு உங்கள் மேலும் இருக்கிறது. மரம் வந்து இறங்காமல் பெயர்க்கவே விடக் கூடாது. பணத்தையும் கட்டம் கட்டமாகத்தான் கொடுக்க வேண்டும்: மரம் இறங்கினால் ஒரு பங்கு, அடி மரச்சட்டம் முடிந்தால் ஒரு பங்கு, கடைசிப் பங்கை ஒரு மழை பார்த்த பிறகு. மழைக்குக் காத்திருக்க எந்தக் கான்ட்ராக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார், கேட்டுத்தான் பாருங்களேன்.

ஆணி, ஸ்க்ரூ விஷயத்தை எழுதி வாங்குங்கள். பதப்படுத்திய மரத்தில் இப்போது செம்பு கலந்த மருந்துதான் பெரும்பாலும் ஏற்றுகிறார்கள், அது சாதாரண இரும்பைத் தின்றுவிடும். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணி, இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஜிப்சம் பலகைக்கு அடிக்கிற கறுப்பு ஸ்க்ரூவை எடுத்து வந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், பாரம் வந்தால் தலை ஒடியும். சுவரோடு சேரும் கட்டைக்கு மேலே தண்ணீர் இறங்காமல் தகடு வைத்து மடித்தார்களா என்று பலகை மூடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும், மூடிய பிறகு கடவுளுக்குத்தான் தெரியும். அறுத்த நுனியில் மருந்து தடவச் சொல்லுங்கள், தண்ணீர் நுனி வழியாகத்தான் அதிகம் குடிக்கும். கைப்பிடி இடைவெளி 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. டெக் ரொம்பப் பழையது என்றால் தேய்க்கும்போது முகமூடி போடுங்கள். வீட்டு வேலைக்குப் போகும் மரத்தில் ஆர்சனிக் என்ற நஞ்சை ஏற்றுவதை அமெரிக்காவிலேயே 2003 முடிவில்தான் நிறுத்தினார்கள்.

இன்னும் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

படிக்கட்டு

நான் ஆலோசனை கேட்கவில்லை ஐயா. அம்மா மூன்று வாரம் வெளியே வரவில்லை என்று சொன்னேன்.

ஈரப்பலகை

எனக்கு நடந்தது அவசரத்தில். பலகை புதுசு, பூச்சையும் அன்றைக்கே அடித்துவிடுகிறேன் என்றார். விருந்தினர் வருகிறார்கள் என்று நானும் சரி என்றேன். மரம் உள்ளே ஈரமாகவே இருந்திருக்கிறது. ஒரு மாதத்தில் பூச்சு அப்பளம் மாதிரி கொப்புளித்தது, வெறுங்காலோடு நடந்தால் பாதத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அடுத்து வந்தவர் மொத்தத்தையும் சுரண்டி எடுத்தார், பல நாள் காயவிட்டார். அப்புறம் மேலே ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தார். சொட்டு முத்து மாதிரி நிற்காமல் மெல்ல உள்ளே இறங்கியது. “இப்ப குடிக்குது, இப்ப அடிக்கலாம்” என்றார். அந்த ரெண்டு சொட்டைப் பார்த்துக்கொண்டு நாங்கள் நின்ற நேரம்தான் ஞாபகம் இருக்கிறது. முதல் ஆளிடம் அந்த நேரம் இல்லை, என்னிடமும்தான்.

உளிக்காரன்

பழையவீடு அக்கா, ஒரு கேள்வி. அந்தத் தூணின் அடியில் இரும்புத் தாங்கி வைத்து உயர்த்தியிருந்ததா, இல்லை மரத்தை நேராக சிமெண்டில் புதைத்திருந்ததா?

பழையவீடு

சிமெண்டில்தான். நாலும் அப்படித்தான்.

உளிக்காரன்

அப்படியென்றால் கட்டும்போதே வந்த கோளாறு. சிமெண்டுக்கும் மரத்துக்கும் நடுவில் தண்ணீர் தேங்கும், காயவே காயாது. ஸ்க்ரூ டிரைவர் எடுத்து மற்ற மூன்றையும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் குத்திப் பாருங்கள். மேலே தட்ட வேண்டாம்.

பழையவீடு

இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். ரெண்டாவது, மூன்றாவது தூணில் நுனி மட்டும் பதிந்தது. வலது ஓரத்தில் பிடி வரைக்கும் போய்விட்டது. உருவவில்லை, அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

உளிக்காரன்

அதைத் தொடாதீர்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம். கூரைக்கு முட்டு வைக்க இன்றைக்கே யாராவது கிடைப்பார்களா பாருங்கள்.

நீர்மட்டம்

வந்துவிட்டேன். எங்கே விட்டேன்?