கங்கைகொண்டான் குடோனுக்கு ரேக்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாச்சிமாரே. கங்கைகொண்டான் பக்கம் எங்கள் குடோனில் அரிசி, பருப்பு மூட்டைகளைப் பேலட்டில் (அடியில் வைக்கும் பலகைத் தட்டு) வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். இடம் பத்தவில்லை. ஃபோர்க்லிஃப்ட் (பேலட்டைத் தூக்கும் வண்டி) உள்ளேயே போய் வைக்கும் டிரைவ்-இன் ரேக் (இரும்பு அடுக்குச் சட்டம்) போட்டால் நடைபாதை குறைந்து நிறைய பேலட் அடங்கும், சரி. ஆனால் ஃபோர்க்லிஃப்ட் போன வழியே திரும்புவதால் கடைசியில் வைத்ததுதான் முதலில் வெளியே வரும். பழைய அரிசி உள்ளேயே கிடந்தால் வண்டு விழுந்துவிடும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

பேட்டரியில் ஓடும் சின்ன வண்டி பேலட்டை உள்ளே நகர்த்த, ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் எடுக்கும் ஷட்டில் ரேக் யாராவது வைத்திருக்கிறீர்களா? பேட்டரி, பராமரிப்பு எல்லாம் எப்படி? அப்புறம், பழைய கான்கிரீட் தளம் ரேக் கால்களின் பாரத்தைத் தாங்குமா என்று சோதித்துச் சொல்லும் இன்ஜினியர் நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்தில் இருந்தால் தெரிவியுங்கள். உங்கள் குடோனை நேரில் வந்து பார்க்கவும் தயார்.