கிளஸ்டர் ஸ்கேனில் விதிவிலக்கு: ஒரு நேம்ஸ்பேஸை முழுசாக விலக்கலாமா?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஆர்டர், கட்டிங், சாயப்பட்டறை கணக்கு எல்லாம் பார்க்கிற சாஃப்ட்வேர் எங்களுடையது, எல்லாமே ஒரே குபர்னெட்டீஸ் கிளஸ்டரில், அதாவது கன்டெய்னர்களை நிர்வகிக்கிற சர்வர் தொகுப்பில், ஓடுகிறது. அடுத்த சீசன் ஆர்டருக்கு முன்னால் பாதுகாப்பு ஸ்கேன் ரிப்போர்ட் வேண்டும் என்று வெளிநாட்டு பையர் ஒருவர் கேட்டிருக்கிறார். கிளஸ்டர் அமைப்பில் பாதுகாப்புக் குறைகளைத் தேடுகிற கியூப்ஸ்கேப் டூலை ஓட்டினால் மானிட்டரிங் நேம்ஸ்பேஸில்தான் (கிளஸ்டருக்குள் பிரித்து வைத்த ஒரு பகுதி) தவறுகள் குவிகின்றன. பார்த்தால் ஒவ்வொரு நோடின், அதாவது சர்வரின், நிலையைக் கணக்கெடுக்கிற நோட் எக்ஸ்போர்ட்டருக்கு ஹோஸ்ட் நெட்வொர்க், ஹோஸ்ட் பிஐடி, ஹோஸ்ட்பாத் (அந்த நோடின் நெட்வொர்க், ப்ராசஸ்கள், ஃபைல்களைப் பார்க்கும் அனுமதி) மூன்றும் கொடுத்திருக்கிறது. மூன்றையும் எடுத்துவிட்டால் நோடைப் பற்றி அது உருப்படியாக எதையும் சொல்லாது. எதைத் தவறாகக் காட்ட வேண்டாம் என்று எழுதுகிற எக்செப்ஷன் ஃபைலில் அந்த நேம்ஸ்பேஸ் பெயரையும் என்எஸ்ஏ ஃப்ரேம்வொர்க் (அமெரிக்க என்எஸ்ஏ வழிகாட்டுதலை ஒட்டிய சோதனைத் தொகுப்பு) பெயரையும் போட்டு மொத்தமாக விலக்கிவிடலாம் என்கிறார் கூட வேலை செய்கிற அண்ணன். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

பவானிக்காரன்:
வேண்டாமுங்க, அப்படிச் செய்யாதீர்கள். ஃப்ரேம்வொர்க் பெயரை மட்டும் கொடுத்தால் அதற்குள் இருக்கிற எல்லாக் கன்ட்ரோலுக்கும், அதாவது ஒவ்வொரு தனிச் சோதனைக்கும், விலக்கு போய்விடும். நாளைக்கு அதே நேம்ஸ்பேஸில் யாராவது ப்ரிவிலேஜ்ட் பாட் (நோடின் மேல் முழு அதிகாரம் உள்ள கன்டெய்னர் ஓடுவது) ஒன்றை இறக்கினால் ரிப்போர்ட் அதைத் தவறாகக் காட்டாது, உங்களுக்கும் தெரியவராது. நோட் எக்ஸ்போர்ட்டருக்கு என்ன தேவையோ அதற்கு மட்டும் விலக்கு கொடுங்கள்: கைண்ட் டீமன்செட் (ஒவ்வொரு நோடிலும் ஒரு பாட் ஓட்டுகிற வகை), பிறகு நேம்ஸ்பேஸ், பிறகு பெயர், மூன்றையும் ஒரே அட்ரிபியூட்ஸ் பகுதிக்குள் எழுதுங்கள். ஒரே பகுதிக்குள் இருந்தால் மூன்றும் பொருந்தினால்தான் விலக்கு. ரிசோர்ஸ் பட்டியலில் தனித்தனியாக எழுதினால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும் என்று எடுத்துக்கொள்ளும், இது பலர் கவனிக்காத இடம். கன்ட்ரோல் பக்கம் சி-0038 (ஹோஸ்ட் பிஐடி), சி-0041 (ஹோஸ்ட் நெட்வொர்க்), சி-0048 (ஹோஸ்ட்பாத்) மட்டும் போடுங்கள். சி-0057, அதாவது ப்ரிவிலேஜ்ட் கன்டெய்னர், அதில் வரவே கூடாது, ஏனென்றால் நோட் எக்ஸ்போர்ட்டருக்கு அது தேவையே இல்லை, ரூட் அல்லாத யூசராகவே அது ஓடும். அப்புறம் அட்ரிபியூட் மதிப்புகளில் ரெஜெக்ஸ் (முழுப் பெயருக்குப் பதில் எழுதும் பொதுவடிவம்) செல்லும் என்பதால், எதற்கும் பொருந்துகிற புள்ளி நட்சத்திரம் போட்டு வேலையைச் சுருக்கலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம், முழுப் பெயரையே எழுதுங்கள்.

கிணத்துக்கடவு:
மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒரு இடம் தவிர. கிளவுட் கம்பெனியே நடத்தித் தருகிற கிளஸ்டர் என்றால் கியூப்-சிஸ்டம் நேம்ஸ்பேஸில் கியூப்-ப்ராக்ஸி மாதிரி அவர்கள் இறக்கி வைக்கிற பாட்களை நாம் திருத்தவே முடியாது, திருத்தினாலும் அடுத்த அப்டேட்டில் பழையபடி ஆகிவிடும். மூன்று பேர் இருக்கிற டீம் அது ஒவ்வொன்றுக்கும் தனி விலக்கு எழுதிக்கொண்டிருந்தால் சொந்த ஆப்பைப் பார்க்க நேரம் இருக்காது. அந்த ஒரு நேம்ஸ்பேஸுக்கு மட்டும் மொத்தமாகப் போடலாம் என்பது என் கருத்து, ஆனால் அதற்குள் உங்கள் ஆள் யாரும் எதையும் இறக்க முடியாதபடி ஆர்பேக்கில் (யாருக்கு என்ன அனுமதி என்று வைக்கிற அமைப்பு) அடைத்துவிட்டுத்தான்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். கியூப்-சிஸ்டத்துக்கு ஆர்பேக்கை முதலில் பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம், கன்டெய்னர் இமேஜ்களில் ஓட்டை தேடுகிற ஸ்கேனுக்கு ட்ரிவி என்ற டூல் வைத்திருக்கிறோம். பேஸ் இமேஜில் இருக்கிற சில சிவிஇ-க்களுக்கு (எண் கொடுத்துப் பதிவான பாதுகாப்பு ஓட்டைகள்) இன்னும் ஃபிக்ஸே வரவில்லை. ஃபிக்ஸ் வராதவற்றை விட்டுவிடச் சொல்கிற இக்னோர்-அன்ஃபிக்ஸ்ட் ஃபிளாகைப் போட்டால் பைப்லைன் (கோடைத் தானாக பில்ட் செய்து சோதிக்கிற வரிசை) பச்சையாகிவிடுகிறது. அது போதுமா?

பவானிக்காரன்:
பைப்லைனுக்குப் போதும், பையருக்குக் காட்டுகிற ரிப்போர்ட்டுக்குப் போதாது. ஃபிக்ஸ் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது, இல்லையா? பையருக்கான ஸ்கேனை அந்த ஃபிளாக் இல்லாமல் ஓட்டி, ட்ரிவிஇக்னோர் யாமல் ஃபைலில், அதாவது ட்ரிவிக்கான விலக்குப் பட்டியலில், ஒவ்வொரு சிவிஇ-க்கும் ஐடி, ஸ்டேட்மென்ட் (காரணம்), எக்ஸ்பயர்ட்-அட் தேதி (விலக்கு முடிகிற நாள்) மூன்றும் எழுதுங்கள். தேதி தாண்டிய அன்றைக்கு அந்தத் தவறு ரிப்போர்ட்டில் திரும்ப வந்து நிற்கும், யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. பாலுக்குத் தேதி போடுகிறார்கள் அல்லவா, அது மாதிரிதான். ஸ்டேட்மென்டில் ‘ரிஸ்க் ஏற்கப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் அடுத்து வருபவருக்கு ஒன்றும் புரியாது. அந்த லைப்ரரியை நம் கோட் எங்கே கூப்பிடுகிறது, வெளியிலிருந்து அந்த பாட்டைத் தொட முடியுமா, யார் சம்மதித்தது, இவ்வளவும் இருக்க வேண்டும்.

அம்மாபேட்டை:
ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஸா 2021-லிருந்து நிஜமாகவே தாக்குதலில் பயன்படுகிற ஓட்டைகளின் பட்டியலை வெளியிட்டு வருகிறது, கேஈவி என்பார்கள். நீங்கள் ஏற்றுக்கொண்ட சிவிஇ இன்று அதில் இல்லாமல் இருக்கலாம், அடுத்த மாதம் ஏறலாம். அதனால் உங்கள் இக்னோர் ஃபைலையும் அந்தப் பட்டியலையும் தினமும் ஒப்பிடுகிற சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை சிஐ-யில், அதாவது அந்த பைப்லைனில், போட்டு வையுங்கள், பொருந்தினால் பில்ட் நிற்கட்டும், தேதி பாக்கி இருந்தாலும் சரி. அப்புறம் எக்செப்ஷன் ஃபைல் கிட்டில் (யார் எதை மாற்றினார்கள் என்று பதிவு வைக்கிற டூல்) இருக்கட்டும், அதை மாற்றுகிற மெர்ஜுக்கு டெவலப்பர் அல்லாத ஒருவரும் ஒப்புதல் தர வேண்டும் என்று வையுங்கள். ரிஸ்க்கை ஏற்கிற அதிகாரம் டெவலப்பருக்குக் கிடையாது, கஸ்டமருக்குப் பதில் சொல்கிறவருக்குத்தான் உண்டு.

நொய்யல்கரை:
புரிந்ததுங்க. எங்கள் ஓனரையே ஒப்புதல் தருபவராகப் போடுகிறேன். பையருக்கு ரிப்போர்ட்டோடு விதிவிலக்குப் பட்டியலையும் சேர்த்து அனுப்பலாமா, இல்லை கேட்டால் மட்டும் கொடுக்கலாமா?

பவானிக்காரன்:
சேர்த்தே அனுப்புங்கள். ட்ரிவியில் ஷோ-சப்ரஸ்ட் என்று ஒரு ஃபிளாக் இருக்கிறது, மறைத்தவற்றையும் தனி அட்டவணையாகக் காட்டும். அந்த அட்டவணையை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.