வேதத்தை இன்று எப்படி வாசிப்பது? எங்கே தொடங்குவது, எங்கே தடுக்குகிறது?

கடுகுவிதை:
அனைவருக்கும் வணக்கம். ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்குகிறவர்களில் பலர் யாத்திராகமம் 25ஆம் அதிகாரம், வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வந்ததும் நின்றுவிடுகிறார்கள். அதையும் தாண்டினால் லேவியராகமம். இன்னொரு பக்கம், கைபேசியில் தினம் ஒரு வசனம் படமாக வருகிறது. அதோடு வாசிப்பு முடிந்துவிடுகிறது. நான் கேட்பது இவைதான். முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகத்தான் வாசிக்க வேண்டுமா? ஒரு வசனம் அதன் இடத்தில் என்ன சொல்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய தமிழ் நடை புரியாதவர்கள் என்ன செய்யலாம்? யோசுவா, நியாயாதிபதிகள் போன்றவற்றில் வரும் இரத்தக்களரியை எப்படி வாசிப்பது? "ஜெபித்துவிட்டு வாசியுங்கள்" என்பது தெரியும். அதற்கு அடுத்த படிதான் வேண்டும்.

சுருள்:
வரிசையாக வாசிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை சகோ. வேதாகமம் ஒரே நூல் அல்ல, நூலகம். புராட்டஸ்டண்டு பதிப்பில் 66 புத்தகங்கள், கத்தோலிக்கப் பதிப்பில் 73. அவை காலவரிசையில் அடுக்கப்படவும் இல்லை. பவுலின் நிருபங்கள் (கடிதங்கள்) ஏறத்தாழ நீளத்தின்படி நிற்கின்றன: சபைகளுக்கு எழுதியவற்றில் நீளமான ரோமர் முதலில், தனி நபர்களுக்கு எழுதியவற்றில் சிறிய பிலேமோன் கடைசியில். ஆமோஸ் பேசிய காலம் எரேமியாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது. புத்தக வரிசையிலோ எரேமியாவுக்குப் பின்னால் வருகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் மாற்கு சுவிசேஷத்தை எடுக்கட்டும். 16 அதிகாரம்தான். முதல் வாசிப்பை இரண்டே அமர்வில் முடிக்க வேண்டும்: 1:1 முதல் 8:30 வரை ஒன்று, மீதி மற்றொன்று. முதல் பாதி முழுக்க "இவர் யார்?" என்ற கேள்வி. 8:29இல் பேதுரு "நீர் கிறிஸ்து" என்று பதில் சொன்னதும் கதை சிலுவையை நோக்கித் திரும்புகிறது. அதற்குச் சற்று முன்னால் ஒரு குருடன் இரண்டு கட்டமாகப் பார்வை பெறுகிறான். முதலில் மனிதர்கள் மரங்களைப்போலத் தெரிகிறார்கள். பேதுருவும் அப்படித்தான் பாதி பார்க்கிறார். நாளுக்குப் பத்து வசனமாக வாசித்தால் இந்த இரண்டும் வெவ்வேறு நாளில் விழுந்துவிடும், தொடர்பு தெரியாமலே போகும்.

அடுத்தது கதையின் முதுகெலும்பு: ஆதியாகமம், யாத்திராகமம், எண்ணாகமம், யோசுவா, நியாயாதிபதிகள், சாமுவேல் இரண்டும், இராஜாக்கள் இரண்டும், எஸ்றா, நெகேமியா, பிறகு லூக்கா, அப்போஸ்தலர். மொத்தம் 348 அதிகாரம். நாளுக்கு இரண்டு என்றால் ஆறு மாதத்துக்குள் முடியும். மற்ற புத்தகங்கள் இந்தக் கோட்டில் எங்கே நிற்கின்றன என்பது அதன் பிறகு தானாகத் தெரியும். ஆமோஸ் என்றால் 2 இராஜாக்கள் 14. ஆகாய் என்றால் எஸ்றா 5.

கூடாரப் பகுதியில் தடுக்குவதற்குக் காரணம், அதைத் தனியாகப் பிரித்து வாசிப்பது. யாத்திராகமம் 25 முதல் 31 வரை கட்டளை, 32 முதல் 34 வரை மக்கள் பொன் கன்றுக்குட்டியை வணங்கிய கதை, 35 முதல் 40 வரை அதே கூடாரம் கட்டப்படுகிறது. இடையில் உடன்படிக்கையே உடைந்துபோகிறது. எல்லாம் போய்விட்டது என்ற இடத்துக்குப் பிறகும் அந்தக் கூடாரம் எழும்புகிறது, 40:34இல் மகிமை அதை நிரப்புகிறது. அந்த நீளமான திரும்பக் கூறலுக்கு அர்த்தம் அங்கேதான் இருக்கிறது. முதல் வாசிப்பில் முழ அளவுகளை வேகமாகக் கடக்கலாம், தவறே இல்லை.

லேவியராகமத்தில் 1 முதல் 7 வரை ஐந்து வகைப் பலிகள். ஒரு தாளில் ஐந்து பெயரையும் எழுதி, எதைக் கொண்டுவருகிறார்கள், யார் சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். சமாதானபலியில் கொண்டுவந்தவரும் சாப்பிடுகிறார் என்பது பளிச்சென்று தெரியும். பாவநிவாரண நாளைச் சொல்லும் 16ஆம் அதிகாரத்தை எபிரெயர் 9, 10 உடன் சேர்த்து வாசியுங்கள். 12:8இல் ஏழைத் தாய் ஆட்டுக்குப் பதில் இரண்டு பறவைகள் கொண்டுவரலாம் என்று இருக்கிறது. லூக்கா 2:24இல் மரியாளும் யோசேப்பும் கொண்டுவந்தது அதுவே. அந்தக் குடும்பத்தின் வறுமையை லூக்கா இப்படித்தான் சொல்கிறார். லேவியராகமம் தெரியாதவருக்கு அது கண்ணில் படாது.

அளவு பற்றி: மொத்தம் 1189 அதிகாரம். வார நாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் ஓராண்டில் முடியும். புதிய ஏற்பாடு சரியாக 260. வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரம், இரண்டு நாள் ஓய்வோடு. ஓராண்டுத் திட்டங்கள் முறிவது தேதியால்தான். நான்கு நாள் தவறினால் பன்னிரண்டு அதிகாரம் கடன். அதை அடைக்க ஓடுகிறவர் கண்ணால் கடக்கிறார், பிறகு விட்டுவிடுகிறார். அட்டவணையில் தேதியை அடித்துவிட்டு வெறும் எண் போடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

ஒலிவமரம்:
மேலே சொன்னதோடு ஒன்று. அதிகாரப் பிரிவும் வசன எண்ணும் மூலத்தில் இல்லை. இன்றைய அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் செய்ததாகச் சொல்லப்படுவது. புதிய ஏற்பாட்டு வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் 1551இல் அச்சிட்டார். சில வெட்டுகள் தப்பான இடத்தில் விழுந்திருக்கின்றன. ஏசாயா 53ஐ வாசிக்கிறவர் 52:13இலிருந்து தொடங்க வேண்டும், பாடுபடும் தாசனைப் பற்றிய பாடல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆதியாகமத்தின் ஏழாம் நாள் 2:3 வரை போகிறது.

வசனத்தின் இடத்தைக் கண்டுபிடிக்க முதல் கேள்வி: பேசுகிறவர் யார்? "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்பதை வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. யோபு 8:7. சொன்னவர் தேவன் அல்ல, யோபின் நண்பர்களில் ஒருவரான பில்தாத். மூன்று வசனத்துக்கு முன்னால் அதே பில்தாத், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால் செத்தார்கள் என்ற பொருளில் பேசுகிறார், பிள்ளைகளை இழந்த தகப்பனின் முகத்துக்கு நேராக. 42:7இல் தேவன் அந்த நண்பர்களைப் பார்த்து, என்னைக்குறித்து நீங்கள் நிதானமானதைப் பேசவில்லை என்கிறார்.

இரண்டாவது: யாரிடம், எப்போது? எரேமியா 29:11இன் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்ற காலம். 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் விடுதலை என்று அறிவித்திருந்தான். அது பொய் என்கிறார் எரேமியா. ஆக, கேட்டவர்களில் பலர் அந்த முடிவைக் கண்ணால் பார்க்கப்போவதில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பதுதான் அவர்களுக்கான கட்டளை. வசனத்தின் ஆறுதல் இதனால் குறைவதில்லை. நீண்ட காத்திருப்புக்குத் தாங்கக்கூடிய ஆறுதலாகிறது.

மூன்றாவது, என்ன வகை எழுத்து. நீதிமொழிகள் 26:4 மூடனுக்குப் பதில் கொடாதே என்கிறது, 26:5 கொடு என்கிறது. பிழையல்ல, வேண்டுமென்றே அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். பழமொழி என்பது எப்போது எது பொருந்தும் என்று யோசிக்க வைப்பது. அதை உத்தரவாதப் பத்திரமாக வாசிக்கிறவர், சரியான வழியில் நடத்திய பிள்ளை முதிர்வயதிலும் அதை விடான் என்கிற 22:6ஐ வைத்து, வழிதவறிய பிள்ளையின் பெற்றோரைக் குற்றவாளியாக்கிவிடுவார்.

நடைமுறைக்கு: எந்த வசனம் கையில் வந்தாலும் முன்னால் இருபது, பின்னால் இருபது வசனம் வாசித்த பிறகே அதை யாருக்கும் அனுப்புங்கள். இயேசுவைச் சோதித்தபோது பிசாசும் சங்கீதம் 91ஐத்தான் மேற்கோள் காட்டினான்.

பெரேயா:
ஒலிவமரம், யோபு 8:7 விஷயத்தில் ஒரு மறுப்பு. யோபின் முன்னிலைமையைவிடப் பின்னிலைமையைக் கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று 42:12 சொல்கிறதே. பில்தாத் சொன்னது நடந்துவிட்டது அல்லவா?

ஒலிவமரம்:
நல்ல மறுப்பு. நடந்தது, ஆனால் பில்தாத்தின் கணக்குப்படி நடக்கவில்லை. 8:6இல் அவர் ஒரு நிபந்தனை வைக்கிறார்: நீ சுத்தனும் செம்மையானவனுமாய் இருந்தால். அதாவது இப்போது அப்படி இல்லை என்ற குற்றச்சாட்டு. யோபு குற்றமற்றவன் என்று முதல் அதிகாரமே சொல்லிவிட்டது. சொல் பலித்தது, தர்க்கம் கண்டிக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் யோபு புத்தகம் கைக்கு வரும்.

ஓலை:
தமிழ் நடை பற்றிய கேள்விக்கு. பலரும் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871இல் வந்த பதிப்பின் வழிவந்தது. அதில் புரியாத சொல் ஆபத்தில்லை, அகராதி பார்த்துவிடுவோம். புரிந்ததுபோல் தோன்றுகிற சொல்தான் ஆபத்து. "கற்பனை" என்றால் அங்கே கட்டளை. "எரிச்சலுள்ள தேவன்" (யாத்திராகமம் 20:5) என்பதை இன்றைய பேச்சில் கேட்டால் சிடுசிடுப்பு. மூலத்தில் இருப்பது, தன் மக்களை வேறு தெய்வத்துக்கு விட்டுக்கொடுக்காத வைராக்கியம். "சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்பதில் ஜாதி என்றால் இனங்கள், நாட்டு மக்கள். இந்த மூன்று சொல்லுக்காகவாவது 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு போன்ற இன்றைய தமிழ்ப் பதிப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்கு ஒரு பலமும் உண்டு: நீ, நீங்கள். லூக்கா 22:31இல் சாத்தான் "உங்களை"ப் புடைக்கக் கேட்டுக்கொண்டான். 32இல் நானோ "உனக்காக" வேண்டிக்கொண்டேன். கிரேக்கத்திலும் அப்படியே பன்மை, பிறகு ஒருமை. சோதனை எல்லாச் சீஷருக்கும், ஜெபம் பேதுருவின் பெயரில், பேதுரு திரும்பி மற்றவர்களைத் தாங்குவதற்காக. 1 கொரிந்தியர் 3:16இன் "நீங்கள் தேவனுடைய ஆலயம்" என்பதும் பன்மை. அந்த இடத்தில் ஆலயம் தனி மனிதர் அல்ல, சபை.

ஆனால் நாம், நாங்கள் என்ற வேறுபாடு கிரேக்கத்தில் இல்லை. அதை முடிவுசெய்தவர் மொழிபெயர்ப்பாளர். 2 கொரிந்தியர் 5:20இல் "நாங்கள்" ஸ்தானாபதிகள் (தூதர்கள்), அடுத்த வசனத்தில் "நாம்" தேவனுடைய நீதியாகும்படிக்கு. பவுலும் தோழர்களும் மட்டுமா, வாசிக்கிறவர்களும் சேர்ந்தா? இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு பதிப்பை ஒப்பிடாமல் பிரசங்கம் கட்டக்கூடாது.

பதிப்புகள் வேறுபட்டால் பதற வேண்டாம். மாற்கு 16:9-20, யோவான் 7:53 முதல் 8:11 வரை, இரண்டும் 4ஆம் நூற்றாண்டுக் கைப்பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகளில் இல்லை. அதனால்தான் புதிய பதிப்புகள் அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ போடுகின்றன.

பெரேயா:
இரத்தக்களரிப் பகுதிகள். நியாயாதிபதிகளில், கதைசொல்கிறவர் நடந்ததைச் சொல்கிறாரா, ஆமோதிக்கிறாரா என்று பாருங்கள். தன் மகளையே பலியாக்கிய யெப்தாவின் பொருத்தனையும் 19ஆம் அதிகாரப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையும் முன்மாதிரிகள் அல்ல. அவனவன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்தான் என்ற கடைசி வரிதான் அந்தப் புத்தகத்தின் தீர்ப்பு. எதிரியின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்கிற சங்கீதம் 137:9 கட்டளையல்ல, எருசலேம் இடிக்கப்பட்டதைப் பார்த்தவர்களின் கதறல். அதைப் பழிவாங்கலாக நிறைவேற்றாமல் தேவனிடம் கொண்டுபோகிறார்கள். பழிவாங்குதலைத் தேவனிடம் விடச் சொல்லும் ரோமர் 12:19ஐ அதன் பக்கத்தில் வையுங்கள்.

யோசுவா இவ்வளவு எளிதல்ல. 10:40 ஒருவரையும் மீதியாக வைக்கவில்லை என்கிறது. நியாயாதிபதிகள் 1ஆம் அதிகாரமோ துரத்தப்படாத கானானியரை ஊர் ஊராக அடுக்குகிறது. அக்காலப் போர் எழுத்தில் மிகைமொழி வழக்கம். மோவாப் அரசன் மேசா தன் கல்வெட்டில் இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்று பொறித்தான், இஸ்ரவேல் அழியவில்லை. ஆனாலும் மிகைமொழி என்று சொல்லி முழுக் கேள்வியையும் மூடிவிட முடியாது. சபைகள் இதற்கு வெவ்வேறு பதில்கள் தந்திருக்கின்றன. புதிதாக வாசிக்கிறவர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் தொடரட்டும். அவசரத்தில் கிடைக்கும் பதில் மனசாட்சியை மழுக்கிவிடும்.

திருப்பாடல்:
கத்தோலிக்க மரபிலிருந்து. ஆய்வு வாசிப்பையும் செப வாசிப்பையும் ஒரே அமர்வில் கலக்காதீர்கள். 12ஆம் நூற்றாண்டில் துறவி இரண்டாம் கீகோ நான்கு படிகளை எழுதிவைத்தார்: வாசித்தல், அசைபோடுதல், செபித்தல், அமைதியில் தங்குதல். இதற்கு எட்டுப் பத்து வசனம் போதும், வாய்விட்டு இரண்டு முறை. ஆனால் அந்த நூலை முன்பே முழுதாக வாசித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அசைபோடுவது நம் சொந்த எண்ணத்தைத்தான். கைபேசி என்றால் இணையத்தை அணைத்துவிடுங்கள், வசன எண்ணை மறைக்கும் வசதி இருந்தால் மறையுங்கள். பழைய கத்தோலிக்க நூல்களில் திருப்பாடல் (சங்கீதம்) எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும்: 23 அங்கே 22.

கடுகுவிதை:
மிக்க நன்றி. மாற்கு முடிந்ததும் ஒரு நிருபம் எடுக்கலாம் என்றால் எது? "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்கிற பிலிப்பியர் 4:13 பலருக்கும் பிடித்த வசனம், அதிலிருந்து தொடங்கலாமா?

சுருள்:
பிலிப்பியர் நல்ல தேர்வு, நான்கே அதிகாரம். ஆனால் முதலில் அப்போஸ்தலர் 16:11-40 வாசியுங்கள்; அந்தச் சபை பிறந்த கதை அது. லீதியாள், சிறைச்சாலைக்காரன், நடுராத்திரியில் தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டுப் பாடிய பவுலும் சீலாவும். பிறகு நிருபத்தை ஒரே அமர்வில் சத்தமாக வாசியுங்கள், ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டால் இன்னும் நல்லது. அது அப்படி வாசிக்கத்தான் எழுதப்பட்டது. "சந்தோஷம்" வரும் இடமெல்லாம் அடிக்கோடு போடுங்கள், "கட்டுகள்" (பவுலின் சிறைவிலங்கு) வரும் இடத்தில் வட்டம். 4:13க்கு வரும்போது 11, 12ஐத் தாண்டித்தான் வருவீர்கள்: திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்கிறார் பவுல். "எல்லாவற்றையும்" என்ற சொல்லுக்குள் அந்தப் பட்டினியும் இருக்கிறது.