கிறவல் ட்ரைவ்வேயில் ஸ்னோ தள்ள ட்ராக்டர் பிளேட்டை மாற்றியமைத்தல்: அனுபவப் பகிர்வு

கேள்வி: ஒன்டாரியோ, 35 எச்.பி. ட்ராக்டர், 7 அடி பின் பிளேட்

60 மீற்றர் நீளம், 3.6 மீற்றர் அகலம் கிறவல் ட்ரைவ்வே. ஸ்னோவோடு கல்லும் அள்ளுப்பட்டுப் போய்ப் புல்லுக்குள் விழுகிறது. கட்டிங் எட்ஜில் (பிளேட்டின் அடியில் நிலத்தைத் தொடும் இரும்பு) நீளவாக்கில் பிளந்த பைப்பை ஏற்றினால் சரிவரும் என்கிறார்கள். எந்த சைஸ் பைப், எப்படிப் பூட்டுவது, றப்பர் அதைவிட நல்லதா? தெரிந்தவர்கள் விபரமாக எழுதுங்கோ.

பதில்: ஒன்டாரியோ, பின் பிளேட்டில் பைப்

தம்பி, கல்லு ஏன் போகிறது என்பதை முதலில் பாருங்கோ. கட்டிங் எட்ஜ் அரை அங்குலத் தடிப்புள்ள கடின இரும்பு, அதன் கீழ்மூலை கூர். நிலம் உறையாத நேரத்தில் அந்தக் கூர், தச்சனின் சீவுளி பலகையைச் சீவுவதுபோல, மேலே தளர்ந்து கிடக்கும் கிறவலைச் சீவி எடுத்துவிடும். பைப் போட்டால் கல்லில் முட்டுவது வளைவான பக்கம். பிளேட் கொஞ்சம் எழும்பிக் கல்லைத் தாண்டிப் போகும். பெரும்பாலான ட்ராக்டர்களில் த்ரீ பொயின்ட் ஹிட்ச் (பின்னால் கருவியை மூன்று இடத்தில் பிடிக்கும் பூட்டு) பிளேட்டைக் கீழ்நோக்கி அமத்துவதில்லை, பிளேட் தன் பாரத்தில்தான் கிடக்கிறது. எழும்ப இடமிருக்கிறபடியால்தான் இந்த வேலை பின் பிளேட்டுக்கு இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது.

சைஸ்: 2 அங்குல ஷெட்யூல் 80 கறுப்புப் பைப் (ஷெட்யூல் என்பது சுவர்த் தடிப்பைக் குறிக்கும் இலக்கம்). வெளிவிட்டம் 60.3 மி.மீ., சுவர் 5.5 மி.மீ. அடிக்கு 5 இறாத்தல் பாரம், ஆகவே 7 அடி பிளேட்டுக்கு ஏறக்குறைய 16 கிலோ கூடும். அந்தப் பாரம் நல்லதுதான். ஷெட்யூல் 40இல் சுவர் 3.9 மி.மீ. மட்டும், கிறவலில் அடிப்பக்கம் கெதியாகத் தேயும். ஷெட்யூல் 40தான் கையில் இருக்கிறதென்றால் 3 அங்குலப் பைப்பாக எடுங்கோ, அதில் சுவர் 5.5 மி.மீ. வரும். கல்வனைஸ் பண்ணிய பைப் வேண்டாம். வெல்ட் பண்ணும்போது நாகப் (துத்தநாகப்) புகை வரும், அதைச் சுவாசித்தால் காய்ச்சலில் விழுத்தும்.

வாங்குவதற்கு முன் கட்டிங் எட்ஜை அளந்து பாருங்கோ. எட்ஜ் பைப்புக்குள் இறங்கி உள் அடியில் முட்டி நிற்கவேண்டும், பாரமெல்லாம் அந்த இடத்தில்தான் தாங்கவேண்டும். போல்டில் தாங்கவிட்டால் ஒரு மாரிக்குள் ஓட்டை நீண்டுவிடும். 2 அங்குல ஷெட்யூல் 80இன் உள்விட்டம் 49 மி.மீ., மேல்சுவரையும் சேர்த்தால் 55 மி.மீ. ஆகவே நட்டுக்கும் போல்ட் தலைக்கும் கீழே 57 மி.மீ. வெறும் இரும்பு மிச்சமிருக்க வேண்டும். தேய்ந்த எட்ஜில் இது இராது. அப்படியானால் எட்ஜைக் கழற்றித் தலைகீழாகப் போடுங்கோ. இரண்டு பக்கமும் கூருள்ள எட்ஜ் என்றால் தேயாத பக்கம் கீழே வரும்.

பூட்டுவதற்கு எட்ஜில் ஓட்டை போடத் தேவையில்லை. அது கடின இரும்பு, சாதாரண ட்ரில் பிட் மழுங்கிப்போகும். எட்ஜோடு பைப்பை வெல்ட் பண்ணவும் கூடாது, முன்கூட்டிச் சூடாக்காமல் வெல்ட் பண்ணினால் ஓரத்தில் வெடிக்கும். கால் அங்குலத் தடிப்பு, ஒன்றரை அங்குல அகலப் பட்டை இரும்பில் நாலு துண்டு வெட்டி, பைப்பின் பின்பக்கத்தில் நிமிர்த்தி வெல்ட் பண்ணுங்கோ. அதன் மேல் ஓட்டை, எட்ஜைப் பிடித்திருக்கும் பிளவ் போல்டுகளுக்கு (plow bolt) நேரே வரவேண்டும். அநேகமாக 5/8 அங்குல போல்டுதான் இருக்கும். அதே இடத்தில் அரை அங்குலம் நீளம் கூடிய போல்ட் போட்டு, பட்டையை நட்டுக்குக் கீழே கொடுத்து இறுக்கினால் போதும். கோடையில் கழற்றிவிட்டு நிலம் மட்டப்படுத்தலாம்.

பதில்: ஆல்பர்ட்டா, ஃபேப்ரிகேஷன் வேலை

அண்ணன் சொன்ன பைப் சரியான தேர்வு. நிறைய பேர் சறுக்குவது அறுக்கும் இடத்தில். பைப்புக்குள் உருவாக்கும்போதே அழுத்தம் தங்கியிருக்கும். நீளவாக்கில் அறுத்ததும் அது விடுபட்டு, பைப் வாழைக்காய் மாதிரி வளையும், இல்லையென்றால் பிளவு மூடிக்கொள்ளும். மூடும்போது கிரைண்டர் டிஸ்க் மாட்டினால் கையை உதறி அடிக்கும்.

வெல்டிங் சீம் உள்ள பைப் என்றால் பிளவு அந்த சீம் மேலேயே வரட்டும். நேர்கோடு போட ஒரு நீள ஆங்கிள் இரும்பைப் பைப் மேல் கவிழ்த்து வையுங்கள். அது தானாக அச்சுக்கு இணையாக உட்கார்ந்துவிடும், ஓரத்தில் சாக்கால் கோடு இழுக்கலாம். எட்ஜ் 12.7 மி.மீ. என்றால் பிளவு 15 மி.மீ. இருக்கட்டும். இறுக்கமாக வைத்தால் எட்ஜில் உள்ள சின்ன வளைவுக்குக்கூட ஏறாது. ரொம்ப அகலமானால் ஆடிக்கொண்டே இருக்கும்.

பைப்பை ஒரு கனமான ஐ-பீமில் மூன்று இடத்தில் கிளாம்ப் செய்துவிட்டு அறுங்கள். ஒரே வீச்சில் முழுவதும் அறுக்கக்கூடாது. 12 அங்குலம் அறுத்து, ஒரு அங்குலம் விட்டு, மறுபடி 12 அங்குலம். இரண்டு கோடும் முடிந்ததும் பைப் ஆறட்டும். விட்டுவைத்த துண்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கடைசியில் அறுங்கள். 1 மி.மீ. கட்டிங் டிஸ்க் நாலைந்து செலவாகும். பிளாஸ்மா இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், சூடு கூடுதல் என்பதால் வளைவும் கொஞ்சம் கூடும். பிளவு மூடினால் உளி ஆப்பு அடித்துத் திறந்து, பைப்பை ஒரு முனையிலிருந்து சுத்தியலால் தட்டி ஏற்றலாம்.

இரண்டு முனையையும் வட்டத் தகடு வைத்து அடைத்துவிடுங்கள். திறந்த முனை குழிதோண்டும் கரண்டி வேலை செய்யும். அடைத்தாலும் பிளவு வழியாக உருகிய தண்ணீர் உள்ளே போய் உறையும், அதனால் இரண்டு முனையிலும் பின்பக்கமாக, தரையைத் தொடாத உயரத்தில் 10 மி.மீ. ஓட்டை ஒவ்வொன்று வேண்டும்.

முன் லோடர் பக்கெட்டுக்கும் இதே பைப் போடலாம், உதட்டில் ஏற்றி இரண்டு பக்கமும் சங்கிலி கொடுத்து இழுத்துக் கட்டிவிடுவார்கள். அங்கே லீவரை ஃப்ளோட்டில் (பக்கெட் தன் பாரத்தில் ஏறி இறங்க விடும் நிலை) தள்ளித்தான் ஓட்டவேண்டும். ஹைட்ராலிக் அழுத்தம் கீழ்நோக்கி இருந்தால் பைப்பும் கல்லைத் தோண்டும்.

பதில்: கியூபெக், ஒன்றும் வெட்டாமல்

வெல்டிங் மெஷின் இல்லாதவர்களுக்கு முதல் வழி பிளேட்டைத் திருப்பிப் போடுவது. அநேகமான பின் பிளேட்டுகள் 180 பாகை திரும்பும். பின்னைக் கழற்றித் திருப்பினால் குவிந்த முதுகு முன்னுக்கு வரும், எட்ஜ் பின்னால் இழுபடும், கல்லைக் கிளப்பாது. 4, 5 அங்குல ஸ்னோவுக்கு இது தாராளம். அதற்கு மேல் போனால் ஸ்னோ உருண்டு பக்கத்துக்குப் போகாமல் பிளேட்டுக்கு மேலால் வழியும், அப்போது நேராகப் போடத்தான் வேண்டும்.

நேராகப் போடும்போது டாப் லிங்கை (ஹிட்சின் மேல் கம்பி, திருகி நீட்டிக் குறுக்கலாம்) கவனியுங்கோ. அதைக் குறுக்கினால் பிளேட்டின் மேல்பகுதி ட்ராக்டர் பக்கம் சாயும், எட்ஜ் பின்தங்கி இழுபடும், கடி குறையும். நீட்டினால் எட்ஜ் முன்னுக்கு வந்து கொத்தும். பாக்ஸ் பிளேட்டில் (பக்கங்கள் அடைத்த பெட்டி வடிவ பிளேட்) இது எதிர்மாறு, குறுக்கினால்தான் முன்பக்கம் நிலத்தைக் கிளறும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் இதில்தான் மாறிப்போகிறார்கள். பைப் பூட்டிய பிறகும் அரைத் திருகு, அரைத் திருகாக மாற்றிப் பாருங்கோ.

கீழ் ஆர்ம் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் ஒரு மூலை தாழ்ந்து உழுதுகொண்டு வரும். வலப்பக்கம் மட்டம் பார்க்கும் திருகு இருக்கிறது, தட்டையான சீமெந்துத் தரையில் ட்ராக்டரை விட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கோ.

பின்பக்கமாக ரிவர்ஸில் ஸ்னோவைத் தள்ளுவது அளவோடு இருக்கட்டும். த்ரீ பொயின்ட் ஹிட்ச் இழுவைக்குச் செய்தது. ரிவர்ஸில் உறைந்த கல் ஒன்றில் முட்டினால் கீழ் ஆர்ம் வளையும், இல்லாவிட்டால் பிளேட்டைத் திருப்பிப் பூட்டும் பின் (pin) முறியும். இந்தப் பிளேட்டுகளில் ஸ்னோ பிளவில் (snow plow) இருப்பதுபோல மடிந்து விடும் ஸ்பிரிங் கிடையாது.

பதில்: மனிட்டோபா, சறுக்கு ஷூ பற்றி

பைப்பைப் புகழ்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் ஷூவில் (பிளேட்டின் இரண்டு முனையிலும் பூட்டி நிலத்தில் சறுக்கும் பாதம்) உயரத்தை மாற்றலாம், பைப்பில் மாற்ற முடியாது. காளான் வடிவ ஷூவுக்கு வாஷர் கூட்டிக் குறைத்து எட்ஜை நிலத்திலிருந்து தூக்கி வைக்கலாம். நிலம் உறையும்வரை 1 முதல் 1½ அங்குலம், உறைந்த பிறகு அரை அங்குலம்.

கடையில் வரும் ஷூ சிறியது என்பதுதான் குறை. 10 செ.மீ. வட்ட ஷூவின் பரப்பு 78 சதுர செ.மீ.தான், ஈரக் கிறவலில் புதைந்து இரண்டு வாய்க்கால் கீறிக்கொண்டு வரும். 6 அங்குல அகலம், 10 அங்குல நீளத்தில் 3/8 அங்குலத் தகடு வெட்டி, முன்பின் இரண்டு முனையையும் சூடாக்கி மேலே வளைத்து ஷூவின் அடியில் வெல்ட் பண்ணினால் தகட்டின் முழுப் பரப்பு 387 சதுர செ.மீ., ஏறக்குறைய ஐந்து மடங்கு; வளைத்த முனைகள் போக மிச்சம்தான் நிலத்தில் கிடக்கும். மேடுபள்ளமான ட்ரைவ்வேயில் ஷூ பள்ளத்தில் இறங்கும்போது எட்ஜின் நடுப்பகுதி மேட்டில் உரசும், அதற்கு ஷூவில் மருந்து இல்லை. அங்கே பைப்தான்.

பதில்: ஒன்டாரியோ, றப்பர் கேள்விக்கு

கொன்வேயர் பெல்ட் றப்பரும் யு.எச்.எம்.டபிள்யூ பிளாஸ்டிக்கும் தார் ரோட்டுக்கும் கொங்கிரீட்டுக்கும் அருமை. கிறவலில் கூரான கல் அவற்றைத் தின்றுவிடும். போடுவதானால் இரும்பு எட்ஜுக்குக் கீழே ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நீட்டாதீர்கள், நீண்டால் பின்னுக்கு மடிந்து ஸ்னோவின் மேல் ஏறி ஓடும். முன்னுக்கு முழு நீளத்துக்கும் ஒரு பட்டை இரும்பு வைத்து இறுக்காவிட்டால் போல்ட் ஓட்டையில் கிழியும். ரயர் ஓடி இறுகின ஸ்னோவை றப்பரும் வெட்டாது, பைப்பும் வெட்டாது. அதை எதிர்பார்த்துப் போடுங்கோ.

பதில்: ஆல்பர்ட்டா, ஃபேப்ரிகேஷன் வேலை

ட்ரைவ்வே பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் பாதி விஷயம் அங்கேதான். மேலே கிடப்பது துகள் இல்லாத கழுவிய கல் என்றால் எந்த பிளேட் போட்டாலும் நகரும், ஒன்றோடொன்று பிடிக்காது. ஒன்டாரியோவில் கிரானுலர் ஏ என்று விற்பது துகளோடு சேர்ந்த உடைகல், உருட்டினால் இறுகும். அதைப் போட்டு, நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்து 4 சதவீதச் சரிவு இருக்கும்படி மட்டப்படுத்துங்கள். 3.6 மீட்டர் அகலத்துக்கு நடுவிலிருந்து ஓரம் 7 செ.மீ. தாழ்வு. தண்ணீர் நிற்காது, உறையும்போது சீராக உறையும். பிளேட் ஓடும்போது ஒவ்வொரு பாதியாக ஓட்டவேண்டும். நடுவில் வைத்து ஓட்டினால் அந்த உயரத்தைத்தான் வழித்துக்கொண்டு போகும்.

முதல் ஸ்னோவை முழுவதும் தள்ளாதீர்கள். 2 அங்குலம் விட்டு டயரால் மிதித்து இறுக்கி இரவில் உறையவிட்டால் கல்லுக்கு மேல் ஒரு மூடி கிடைக்கும், அதற்குப் பிறகு அந்த மூடியின் மேல்தான் பிளேட் ஓடும். நிலம் உறைந்துவிட்டதா என்று தெரிய நீளமான ஸ்க்ரூ டிரைவரைக் கையால் அழுத்திப் பாருங்கள். இறங்கினால் இன்னும் உறையவில்லை.

அந்த மூடி உருகி மறுபடி உறைந்தால் கண்ணாடி ஐஸ் ஆகும். உப்பு போடக்கூடாது. உப்புத்தண்ணீர் கீழே இறங்கி மேல்பரப்பை இளக்கிச் சேறாக்கும், அடுத்த தடவை பைப் பூட்டிய பிளேட்டுகூடக் கல்லை அள்ளும். முரட்டு மணலோ சின்ன உடைகல்லோ தூவினால் போதும். வேகம் மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர், பிளேட் கோணம் 30 டிகிரி அளவில், முதலில் குவிக்கும் ஸ்னோவைத் தேவைக்கு மேல் ஒரு மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வையுங்கள். பின்னால் வரும் ஸ்னோவுக்கு இடம் வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணை, எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். 7 அடிக்குப் பைப் எவ்வளவு வாங்க வேண்டும்? ட்ரைவ்வே வாயில் சேரும் ஸ்னோவை ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளலாமா?

பதில்: ஒன்டாரியோ, பின் பிளேட்டில் பைப்

தள்ளாதீங்கோ. ஒன்டாரியோ ஹைவே ட்ராஃபிக் சட்டத்தின் 181ஆம் பிரிவு, ரோட்டில் ஸ்னோ போட எழுத்திலான அனுமதி வேண்டும் என்கிறது. ரோட்டைக் குறுக்கே தாண்டும்போது பிளேட்டுக்குக் கீழால் ஒரு வரம்பு விடுபட்டு இரவில் உறைந்தால் வருகிற வாகனம் அதில்தான் ஏறும். வாயிலுக்கு ஒரு பத்து மீற்றர் உள்ளே பிளேட்டை இறக்கி, வீட்டுப் பக்கமாக இழுத்து வந்து ஓரத்தில் விடுங்கோ. வாயில் ஓரத்திலேயே கிடப்பதை லோடர் பக்கெட்டால் அள்ளுவதுதான் ஒழுங்கான வழி.

பைப், பிளேட்டைவிட ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் நீண்டிருந்தால் எட்ஜின் மூலை நிலத்தைத் தொடாது. 7 அடிக்கு 88 அங்குலம். முழுப் பைப் 21 அடியாக வரும், 252 அங்குலம். அதில் உங்கள் பிளேட்டுக்கு இரண்டு துண்டு வெட்டி ஒன்றைத் தேய்ந்தால் மாற்ற வைத்துக்கொள்ளலாம். மிச்சம் 76 அங்குலம், 6 அடி பிளேட்டுக்கு அளவாக வரும். அக்கம்பக்கத்தில் அப்படி ஒருத்தர் இருந்தால் சேர்ந்து வாங்குங்கோ.