பூனைப் புண்ணில் புழு வைத்துவிட்டது, இன்று டாக்டர் இல்லை. என்ன செய்யலாம்?

குடவாசல் வள்ளி:
எங்கள் வீட்டுக் கடுவன் பூனை சோளம், மூன்று வயது. குறுவை அறுப்பு மெஷின் வந்த அன்று காணாமல் போனவன், நான்கு நாள் கழித்து நேற்று ராத்திரி மழையோடு வந்து வைக்கோல் போருக்கு அடியில் சுருண்டுவிட்டான். காலையில் தூக்கினால் தாங்க முடியாத நாற்றம். வாலடியில் முடி ஒட்டிக் கிடந்தது. விலக்கிப் பார்த்தால் ஐந்து ரூபாய்க் காசு அளவு ஓட்டை, உள்ளே அரிசி கொதிக்கிற மாதிரி புழு.

கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அடைக்கச் சொல்கிறார் அத்தை. பக்கத்து வீட்டு அண்ணன் மாட்டுப் புண்ணுக்கு அடிக்கிற ஸ்பிரேயை எடுத்து வந்து நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் கால்நடை மருந்தகம் பூட்டிக் கிடக்கிறது. தண்ணீரை மட்டும் இரண்டு நக்கு நக்கினான். சீக்கிரம் சொல்லுங்கள்.

போரடி தாத்தா:
பயப்படாதே அம்மா. சீத்தா இலையைக் கசக்கிக் கற்பூரத்தோடு வைத்துக் கட்டு, இல்லாவிட்டால் துளி பினாயில் விடு. புழு கொட்டிவிடும். நாற்பது வருஷமாக மாட்டுக்கு இதைத்தான் செய்கிறேன்.

மன்னை மீசைக்காரி:
தாத்தா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மாடு வேறு, பூனை வேறு. பூனை தன் உடம்பை நாள் முழுக்க நக்கும். புண்ணில் போட்டது அத்தனையும் வயிற்றுக்குள் போகும். பினாயில் போன்றவற்றை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு ரொம்பக் குறைவு. கற்பூரம், அந்துருண்டை, டர்பன்டைன், மண்ணெண்ணெய், டெட்டால் எதுவும் ஆகாது. தண்ணீரில் விட்டால் பால் மாதிரி வெளுக்கிற கிருமிநாசினியா, பூனைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டு ஸ்பிரே, நாய் உண்ணி மருந்து இரண்டும் வேண்டாம். அவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து இருந்தால் பூனைக்கு வலிப்பே வந்துவிடும்.

வள்ளி, முதலில் ஈறைப் பாருங்கள், காதைத் தொடுங்கள். ஈறு வெளுத்து, காது சில்லென்று, தலை தொங்கினால் கழுவிக்கொண்டு உட்காராதீர்கள். துணியில் சுற்றி, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் பொதிந்து பக்கத்தில் வைத்து உடனே கிளம்புங்கள். வாயில் பால் ஊற்றவே வேண்டாம், புரையேறும்.

குடவாசல் வள்ளி:
ஈறு லேசான ரோஸ் நிறம்தான் அக்கா. காது சூடாகவே இருக்கிறது. தலையைத் தூக்கி என்னை முறைக்கிறான்.

மன்னை மீசைக்காரி:
முறைக்கிறானா, நல்லது! அப்படியானால் வேலையை ஆரம்பிக்கலாம். ஒருவர் பெரிய துண்டில் கழுத்துவரை இறுக்கிச் சுற்றிப் பிடிக்க வேண்டும், பின்பக்கம் மட்டும் வெளியே தெரியட்டும். நீங்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். புண்ணைச் சுற்றி முடியை வெட்டுங்கள். ரவையைக் கொட்டினாற்போல வெளிர்மஞ்சளாக முடியில் ஒட்டியிருப்பது ஈ முட்டை. பேன் சீப்பால் சீவி எடுங்கள். பச்சை ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் பொரித்துவிடும், அதனால் ஒன்றுகூட மிச்சம் வைக்கக் கூடாது.

கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் பொடியுப்பு. வெதுவெதுப்பாக, ஊசி கழற்றிய 20 மில்லி சிரிஞ்சால் ஓட்டைக்குள் பீய்ச்சுங்கள். புழு மேலே வரும். வெளியே நீட்டிக்கொண்டு, இரண்டு கறுப்புப் புள்ளியோடு தெரிகிறதே, அது தலை இல்லை, பின்பக்கம். அது வழியாகத்தான் மூச்சு விடுகிறது. முனை மழுங்கிய இடுக்கியால் அந்த இடத்தைப் பிடித்து மெதுவாக இழுங்கள். உள்ளேயே நசுக்கிவிடாதீர்கள். ஆழத்தில் இருப்பது வராவிட்டால் சுத்தமான வாஸ்லினைப் புண்ணின் வாய்ப்பகுதியில் தடவிப் பத்து நிமிஷம் காத்திருங்கள். மூச்சு முட்டி எட்டிப் பார்க்கும்.

கடைசியில் போவிடோன் அயோடினைப் பால் விடாத லேசான டீ நிறத்துக்குக் கரைத்து ஒரு முறை கழுவுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், நல்ல சதையையும் அரித்துவிடும். இறுக்கிக் கட்டவும் கூடாது.

திருத்துறைப்பூண்டி ரவி:
ஜுரத்துக்கும் வலிக்கும் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுங்கள் அக்கா, குழந்தைகளுக்கே கொடுக்கிறதுதான்.

மன்னை மீசைக்காரி:
ரவி தம்பி, அதை அழித்துவிடுங்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், முகம் வீங்கி, ஈறு பழுப்பாகிச் செத்துப்போகும். வீட்டில் மிச்சம் கிடக்கிற ஆன்டிபயாடிக்கையும் தொடாதீர்கள்.

குடவாசல் வள்ளி:
முடித்தேன். இரண்டு மணி நேரம். அறுபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். அத்தைதான் பிடித்துக்கொண்டார், கற்பூர டப்பாவை அவரே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். ஓட்டை விரல் நுழைகிற ஆழம் இருக்கிறது. நடுவில் என் கையைப் பிறாண்டிவிட்டான், கொஞ்சம் ரத்தம்.

மன்னை மீசைக்காரி:
முதலில் உங்கள் கை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆரம்பியுங்கள், இலவசம்தான். தோலில் போடுகிற முறையில் இன்று ஒன்று, பிறகு இன்றிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து என்று வரும். வீட்டுப் பூனைதானே என்று விட வேண்டாம். நான்கு நாள் எங்கே சுற்றினான், யாரிடம் கடி வாங்கினான் என்று நமக்குத் தெரியாது.

அவனுக்கு வந்தது பெரும்பாலும் கடுவன் சண்டைக் கடி. பூனைப் பல் ஊசி மாதிரி குத்தும், மேலே தோல் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டி மூன்று நான்கு நாளில் உடையும். அந்த வாடைக்கு ஈ வரும். ஆகவே புழுவை எடுத்ததோடு முடியாது, உள்ளே இருக்கும் சீழுக்கு ஊசி வேண்டும். செத்த சதையை மயக்கம் கொடுத்து வெட்டி எடுப்பார்கள். புழுவைக் கொல்லும் ஐவர்மெக்டின் மருந்து வேண்டுமா என்பதை எடை பார்த்து டாக்டரே முடிவு செய்யட்டும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கும்பகோணத்தில் தனியார் டாக்டர் யாராவது இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். ராத்திரி ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள், தப்பிய முட்டை பொரித்திருக்கும்.

குடவாசல் வள்ளி:
நீங்கள் சொன்னதுபோலவே ராத்திரி ஏழு குட்டிப் புழு. எடுத்துவிட்டேன். திங்கள் காலை ஒயர் கூடையில் வைத்துக் கூட்டிப்போனோம். முடி மழித்து, சதை வெட்டி, ஊசி போட்டு, ஐந்து நாள் மருந்து எழுதிக் கொடுத்தார் டாக்டர். நக்காமல் இருக்கப் பழைய எக்ஸ்ரே பிலிமைக் கூம்பாகச் சுருட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். கோழிப் பஞ்சாரத்துக்குள் விட்டு மேலே கொசுவலை போட்டாயிற்று, ஈ அண்டவில்லை. ஆனால் இன்னும் சாப்பிட மாட்டேன் என்கிறான்.

மன்னை மீசைக்காரி:
பஞ்சாரம் யோசனை எனக்கே தோன்றவில்லை! சாப்பாட்டில் மட்டும் அலட்சியம் வேண்டாம். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். மத்தி மீனை உப்பு, மஞ்சள் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, சூடு ஆறுமுன் மூக்கருகில் வையுங்கள். நாளைக்கும் தொடாவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

போரடி தாத்தா:
கூம்பைக் கழற்றிவிட்டுப் பார் அம்மா. தட்டில் அது இடித்தால் எப்படித் தின்னும்?

குடவாசல் வள்ளி:
தாத்தா, அதேதான்! கழற்றியதும் அரை மீன் காலி.

போரடி தாத்தா:
தின்று முடித்ததும் மறக்காமல் திரும்ப மாட்டு.